நான் கேட்காமலே திறந்துகொண்ட 23 மென்பொருள்கள்

காலை பத்து மணிக்கு ஒரு பதிப்பகத்தாருடன் இணையவழிச் சந்திப்பு இருந்தது. ஒரு பெரிய நூலை மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருந்த அவர்கள், என் மாதிரிப் பக்கங்களைப் படித்துவிட்டு, ஒருமுறை பேசிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று அழைத்திருந்தார்கள். பத்து நிமிடம் முன்னதாகவே மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அதன் எதிரே உட்கார்ந்துவிட்டேன். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் மேசைத்திரை தோன்றியது. அதற்குமேல் எதுவும் அசையவில்லை. சுட்டிக்குறியின் பக்கத்தில் நீல வளையம் சுற்றிக்கொண்டேயிருந்தது. சந்திப்புச் செயலியை ஒருமுறை சொடுக்கினேன், திறக்கவில்லை, மறுபடி சொடுக்கினேன், உலாவியையாவது திறக்கலாம் என்று அதையும் சொடுக்கினேன். மணி 9:57 ஆனபோது பதற்றம் தாங்காமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். சந்திப்புக்குள் நுழைந்தபோது மணி 10:09. எதிர்முனையில் இருந்தவர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அடுத்தவருக்கு ஒதுக்கிய நேரம் வந்துவிட்டதாகச் சொல்லி ஐந்தே நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டார்கள். அந்த நூல் வேறொருவர் கைக்குப் போனது. என் மொழிபெயர்ப்பு பிடிக்காமல் போயிருந்தால்கூட இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். மாதக்கணக்கில் உழைத்து எழுதிய மாதிரிப் பக்கங்கள் ஒரு கணினி திறக்கத் தாமதமானதால் வீணாயின என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தக் கணினி ஒரே நாளில் அப்படி ஆகிவிடவில்லை. வாங்கிய புதிதில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டது. பிறகு இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று, ஒவ்வொரு மென்பொருளை நிறுவும்போதும் சில நொடிகள் கூடிக்கொண்டே போயிருக்க வேண்டும். அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் வளர்ச்சி பெற்றவர் கண்ணுக்குத் தெரியாததுபோல, அந்த நொடிகள் எனக்குத் தெரியவேயில்லை. ஐந்தாம் ஆண்டில் அது ஒன்பது நிமிடம் நாற்பது நொடியாகியிருந்தது. அந்தக் காத்திருப்பை என் காலை வழக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். அப்படி அட்டியின்றிப் பழகிக்கொண்டதுதான் என் முதல் பிழை என்று இன்று நினைக்கிறேன். அன்று காலை நான் செய்தவை அதைவிடப் பெரிய பிழைகள். கணினி திணறிக்கொண்டிருக்கும்போது நாம் செய்யும் ஒவ்வொரு சொடுக்கும் வரிசையில் இன்னொரு வேலையைச் சேர்க்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலோ, அது அதுவரை செய்துமுடித்த அத்தனையும் மறுபடி தொடக்கத்திலிருந்து நடந்தாக வேண்டும். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகள் சிதையவும் வாய்ப்பு உண்டு. அவசரம் என்றால், கையை எடுத்துவிட்டுக் கைப்பேசி வழியாகச் சந்திப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த எண்ணம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாளே பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கணினியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இதெல்லாம் பழைய குப்பை சார், ஃபார்மட் பண்ணிவிட்டால் புதிதுபோல ஓடும்” என்றார். நான்கு நாள் கணினி அவரிடம் இருந்தது. அந்த நான்கு நாளும் எனக்கு வருமானம் இல்லை; அவருக்குக் கொடுத்த கூலி தனி. திரும்ப வந்தபோது உண்மையாகவே வேகமாகத் திறந்தது, நானும் மகிழ்ந்துபோனேன். ஆனால் அதில் என் மென்பொருள்கள் எதுவும் இல்லை. உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் இல்லை. பல ஆண்டுகளாகச் சொல் சொல்லாகச் சேர்த்த என் தனிப்பட்ட சொல்திருத்தி அகராதி இல்லை. ஒவ்வொன்றாக மறுபடி நிறுவினேன். ஆறாவது வாரத்தில் கணினி மறுபடியும் ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் செய்ததில் ஏமாற்று எதுவும் இல்லை. ஃபார்மட் செய்வது, கணினியுடன் சேர்ந்து தாமாகத் திறக்கும் மென்பொருள்களின் பட்டியலை, அதாவது தொடக்கப் பட்டியலை, மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. அதே மென்பொருள்களை அதே கவனக்குறைவோடு மறுபடி நிறுவினால் அதே பட்டியல் மறுபடி நிரம்பிவிடுகிறது. எனவே, தாமதத்துக்காக ஃபார்மட் செய்யச் சொல்லி யாராவது அறிவுறுத்தினால், அதற்கு முன் தொடக்கத்தில் எவை எவை தாமாகத் திறக்கின்றன என்பதைக் காட்டும்படி அவரைக் கேளுங்கள். அதைப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். அந்த ஐந்து நிமிடம் எனக்கு நான்கு நாளை மிச்சப்படுத்தியிருக்கும்.

இரண்டாவதாக, கணினியை விரைவுபடுத்தித் தருவதாக விளம்பரம் செய்த ஒரு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். அது முதல் சோதனையிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட பிழைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டியது. அந்த எண்ணிக்கையைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது அச்சம் மட்டுமே; அந்தப் பிழைகள் எவை, அவற்றால் என்ன தாமதம் ஏற்படுகிறது என்று கேட்கும் தெளிவு அப்போது இல்லை. அவற்றில் பெரும்பாலானவை ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸ் பதிவேட்டில் எஞ்சிக் கிடக்கும் பழைய குறிப்புகள். அவற்றை நீக்குவதால் கணினி திறக்கும் நேரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் வராது. தவறான ஒரு குறிப்பு நீங்கிவிட்டால் மென்பொருள்கள் இயங்காமல் போகலாம். பதிவேட்டைச் சுத்தம் செய்யும் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. அதை நான் சந்தா கட்டிய பிறகுதான் படித்தேன். பின்னாளில் தொடக்கப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, அதிகத் தாமதம் ஏற்படுத்துபவை என்று குறிக்கப்பட்டவற்றுள் அந்த மென்பொருளும் இருந்தது. சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும் என்ற நிபந்தனையை நான் கவனிக்காததால் இரண்டாம் ஆண்டுக்கும் பணம் போய்விட்டது. பழுதுபார்த்த கூலி, இரண்டு ஆண்டுச் சந்தா, வேலை நின்ற நாட்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் என் ஒரு மாத வருமானத்தில் பாதிக்கும் மேல் போயிருந்தது. இவற்றில் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை, ஏனெனில் வேண்டிய கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

அந்தக் கருவியின் பெயர் டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், கணினியுடன் சேர்ந்து திறக்கும் மென்பொருள்களின் பட்டியல் அதிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸ் பகுதியில் ஆப்ஸ் என்பதற்குக் கீழே ஸ்டார்ட்அப் என்ற இடத்திலும் அதைக் காணலாம். நான் முதன்முதலாக அதைத் திறந்தபோது 23 பெயர்கள் செயல்நிலையில் இருந்தன. அச்சுப்பொறியின் உதவியாளர், இரண்டு செய்திச் செயலிகள், ஒரு பாடல் செயலி, ஓராண்டாகத் தொடாத ஒரு விளையாட்டு அங்காடி, புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே நான்கு தனித்தனி மென்பொருள்கள், எப்போதோ ஒரு முறை படம் திருத்த நிறுவிய ஒன்றின் துணைச்செயலி என்று அந்தப் பட்டியல் நீண்டது. எதையும் காலையில் முதல் வேலையாகத் திறக்கும்படி நான் கேட்டதாக நினைவில்லை. நிறுவும்போது நான் படிக்காமல் அழுத்திய “அடுத்து”, “அடுத்து”, “சரி” என்ற பொத்தான்களுக்கு இடையில் எங்கோ அந்த அனுமதி இருந்திருக்கும். ஒன்றரை ஆண்டாகப் பட்ட பாட்டுக்குக் காரணம் இவ்வளவு எளிதாகக் கண்ணெதிரே கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்திலேயே 23ஐயும் ஒன்றன்பின் ஒன்றாக முடக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடங்கினேன். இரண்டு நிமிடம் ஐம்பது நொடியில் திறந்துவிட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதிக்குப் பின்னால் வந்ததைத்தான் யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் தமிழில் தட்டச்சு செய்ய முடியவில்லை. விசைப்பலகையை மாற்றித் தரும் மென்பொருளும் அந்த 23இல் ஒன்று. தொடுதளத்தில் இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்த முடியவில்லை. இவை உடனே தெரிந்ததால் உடனே சரிசெய்துவிட்டேன். ஆனால் என் கோப்புகளை இணையச் சேமிப்பில் அவ்வப்போது படியெடுத்து வைக்கும் மென்பொருளும் அதே பட்டியலில் இருந்தது, அது நின்றுபோனதை எந்த அறிகுறியும் எனக்குக் காட்டவில்லை. இயங்காத மென்பொருளால் எச்சரிக்கையும் தர முடியாது அல்லவா? சில வாரங்களுக்குப் பிறகு ஓர் இரவில், களைப்பில் ஓர் அத்தியாயத்தின் பிற்பகுதியைத் தெரிந்தெடுத்து அழித்துவிட்டு, அது தெரியாமலே சேமித்து மூடிவிட்டேன். காலையில் கவனித்தபோதும் பதறவில்லை, இணையச் சேமிப்பில் முந்தைய படி இருக்கும் என்று நம்பினேன். அங்கிருந்த கடைசிப் படி 19 நாளுக்கு முந்தையது. அந்த 19 நாளில் செய்த பதினொரு பக்கங்களை மறுபடி செய்தேன். ஒரு முறை கண்டடைந்த சொற்றொடரை இரண்டாம் முறை தேடும்போது அது கைக்கு வராது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டாம் முறை செய்த பக்கங்கள் முதல் முறையின் அளவுக்கு வரவில்லை என்ற வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.

அதன் பிறகுதான், முடக்கியவற்றையெல்லாம் திரும்பச் செயல்நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முறையாகத் தொடங்கினேன். நீங்கள் இதைச் செய்யப்போகிறீர்கள் என்றால் முதல் வேலையாக நேரத்தை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அளக்காமல் செய்யும் எந்த மாற்றமும் பயன்பட்டதா இல்லையா என்பதை மனத்தின் நம்பிக்கைதான் முடிவு செய்யும். அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது; அது செயல்நிலையில் இருந்தால், நாம் கணினியை அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்கருவும், வன்பொருள்களை இயக்கும் நிரல்களான இயக்கிகளும் முழுவதாக மூடப்படாமல் அப்படியே வட்டில் எழுதிவைக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்து மீட்கப்படுகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முழுமையாக மூடித் திறக்கும். இதை அறியாமல் ஒருநாள் அணைத்துத் திறந்தும் இன்னொரு நாள் ரீஸ்டார்ட் செய்தும் அளந்த நான், எண்கள் ஏறி இறங்குவதன் காரணம் புரியாமல் ஒரு வாரம் வீணடித்தேன். ஒவ்வோர் இரவும் அணைத்துவந்த கணினியின் இயங்குநேரம் டாஸ்க் மேனேஜரில் 31 நாள் என்று காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு எப்போதும் ரீஸ்டார்ட் செய்தே அளந்தேன். மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டேன். மேசைத்திரை தோன்றும் கணத்தோடு நிறுத்தாமல், உலாவியைச் சொடுக்கி அது உண்மையாகவே ஒரு பக்கத்தைக் காட்டும்வரை அளந்தேன், ஏனெனில் என் நேரத்தில் பெரும்பகுதி மேசைத்திரை தோன்றிய பிறகுதான் போய்க்கொண்டிருந்தது.

கைக்கடிகாரத்தை நம்பாதவர்களுக்கு விண்டோஸே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவர் என்ற கருவியில், அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ் என்பதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபாமன்ஸ் என்று இறங்கிச் சென்றால், 100 என்ற எண்ணுடைய பதிவு கணினி திறக்க எடுத்த நேரத்தை மில்லி நொடியில் சொல்லும். 101 என்ற பதிவு வழக்கத்தைவிடத் தாமதமான மென்பொருளையும், 102 இயக்கியையும், 103 பின்னணிச் சேவையையும் பெயரோடு குறிக்கும். தோண்டிப் பார்க்கச் சற்றுப் பொறுமை வேண்டும். ஆனால் ஐயத்தின் பேரில் ஒன்றை முடக்குவதைவிடச் சான்றின் பேரில் முடக்குவது எவ்வளவோ மேல். டாஸ்க் மேனேஜரின் பட்டியலிலேயே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் தாக்கம் அதிகம், நடுத்தரம், குறைவு என்று போட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் வரையறைப்படி, தொடக்கத்தில் சிபியு எனப்படும் கணினியின் மையச் செயலகத்தின் நேரத்தில் ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்வதோ வட்டில் 3 மெகாபைட்டுக்கு மேல் படித்து எழுதுவதோ அதிகத் தாக்கம், 300 மில்லி நொடிக்கும் 300 கிலோபைட்டுக்கும் உள்ளே அடங்குவது குறைந்த தாக்கம், இடைப்பட்டது நடுத்தரம். இந்த வரையறையை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் அதிகத் தாக்கம் என்ற சொல் அந்த மென்பொருள் தேவையற்றது என்று பொருள்படாது. என் படியெடுக்கும் மென்பொருளும் அதிகத் தாக்கம் உடையதுதான். அளக்கப்படவில்லை என்று போட்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அடுத்த சில தொடக்கங்களில் அதற்கும் அளவு வந்துவிடும்.

அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி எழுதினேன்: இது என்ன செய்கிறது, நான் கேட்கும்போது மட்டும் திறந்தால் போதுமா, இது நின்றுபோனால் எனக்கு எப்படித் தெரியவரும். மூன்றாவது கேள்விதான் பதினொரு பக்கங்களைக் கொடுத்து நான் கற்றுக்கொண்டது. பாடல் செயலி நின்றால் பாடல் கேட்க நினைக்கும்போது தெரியும், சொடுக்கினால் திறந்துவிடும். படியெடுத்தல் நின்றாலோ தீங்கு நேர்ந்த பிறகுதான் தெரியும். அப்படி ஓசையின்றி நம்மைக் காப்பவை எவையோ, அவற்றைப் பட்டியலில் விட்டுவைக்க வேண்டும்: வைரஸ் தடுப்பு, படியெடுத்தல், கடவுச்சொல் காப்பகம், வேலைக்குரிய விசைப்பலகை மென்பொருள், ஒலியையும் தொடுதளத்தையும் நிர்வகிப்பவை. செய்திச் செயலிகள், விளையாட்டு அங்காடிகள், அச்சுப்பொறி உதவியாளர்கள், சந்திப்புச் செயலிகள் ஆகியவற்றை முடக்கினால் அவை அழிந்துவிடுவதில்லை. வேண்டும்போது நாம் திறந்துகொள்ளலாம். என்னவென்றே தெரியாத பெயர் இருந்தால், அதன்மேல் வலச்சொடுக்குச் செய்து, கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள்; எந்த நிறுவனத்தின் எந்த மென்பொருளின் உறைக்குள் (ஃபோல்டருக்குள்) அது இருக்கிறது என்பதே பாதி விடையைத் தந்துவிடும். நிறுவனப் பெயரே இல்லாமல், தற்காலிகக் கோப்புகளின் உறைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் பெயரை மட்டும் தாமதம் பற்றிய கேள்வியாக எண்ணாமல் பாதுகாப்புப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டு வைரஸ் சோதனை செய்துவிடுங்கள், ஏனெனில் தீய மென்பொருள்களும் ஒவ்வொரு முறையும் உயிர்பெறுவதற்கு இதே தொடக்கப் பட்டியலைத்தான் நாடுகின்றன.

ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் முடக்கினேன். மெதுவான வழிதான், ஆனால் எது கெட்டாலும் எதனால் கெட்டது என்பது உடனே தெரிந்துவிடும். ஒருநாள் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யவில்லை. முந்தைய நாள் நோட்டில் எழுதியிருந்த ஒரே பெயரைத் திரும்பச் செயல்நிலைக்குக் கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது. முந்தைய முறைபோல 23ஐயும் ஒன்றாக முடக்கியிருந்தால் அரை நாள் தேடியிருப்பேன்.

ஆனால் பட்டியலைச் சுருக்கிய பிறகும் சில மென்பொருள்கள் திறந்துகொண்டேயிருந்தன, அவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான் எனக்குப் பெரும் புதிராக இருந்தது. தாமாகத் திறப்பதற்கு விண்டோஸில் ஒரே ஒரு வாசல் இல்லை. ஸ்டார்ட்அப் என்ற உறை ஒன்று இருக்கிறது. விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ஷெல் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டு, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியின்றி ஸ்டார்ட்அப் என்று எழுதினால் அது திறக்கும். பதிவேட்டில் ரன் என்ற பெயரிலான இடங்கள் இருக்கின்றன. பயனருக்குத் தனியாகவும் கணினி முழுமைக்கும் பொதுவாகவும் அவை உண்டு. இந்த உறையிலும் பதிவேட்டிலும் உள்ளவை டாஸ்க் மேனேஜரில் தெரிந்துவிடும். டாஸ்க் ஷெட்யூலர் என்ற காலஅட்டவணைக் கருவியில், பயனர் உள்நுழையும்போது இயங்கு என்று குறித்துவைக்கப்பட்ட வேலைகள் அங்கே தெரியா. பின்னணிச் சேவைகளும் தெரியா. என்னுடைய நான்கு புதுப்பிப்பு மென்பொருள்களில் இரண்டு காலஅட்டவணையிலும் ஒன்று சேவையாகவும் இன்னொரு வேர் வைத்திருந்தன. இவற்றோடு, கணினியை மறுபடி தொடங்கும்போது முன்பு திறந்திருந்த செயலிகளை விண்டோஸே மீண்டும் திறந்து தரும் ஓர் அமைப்பும் இருக்கிறது. அது செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியில் உள்நுழைவுத் தெரிவுகளுக்குக் கீழே உள்ளது. சில உலாவிகள், சாளரத்தை மூடிய பிறகும் பின்னணியில் இயங்கட்டுமா என்று தம் அமைப்புகளுக்குள்ளேயே ஒரு தெரிவை வைத்திருக்கின்றன. இயன்றவரை முதலில் அந்தந்த மென்பொருளின் சொந்த அமைப்பில், கணினியுடன் திறக்கும் தெரிவை நீக்கிவிடுங்கள். வெளியிலிருந்து முடக்கிய சில மென்பொருள்கள் அடுத்த புதுப்பிப்பில் தம் பெயரை மறுபடி சேர்த்துவிட்டதைக் கண்டிருக்கிறேன். உள்ளிருந்து நீக்கியவை பெரும்பாலும் அப்படிச் செய்யவில்லை.

இத்தனை வாசல்களையும் ஒரே திரையில் காட்டும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் ஆட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டு இன்றுவரை இலவசமாகவே வழங்கிவருகிறது. முதன்முறை திறக்கும்போது நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு திகைத்துப்போகாதீர்கள். மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைக்கும் தெரிவை முதலில் போட்டுவிட்டால், நாம் நிறுவியவை மட்டும் பெரும்பாலும் எஞ்சி நிற்கும். ஒரு வரியை வேண்டாம் என்று முடிவு செய்தால் அதை அழிக்காமல், இடப்பக்கத்துப் பெட்டியில் இருக்கும் குறியை மட்டும் எடுத்துவிடுங்கள்; குறியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம், அழித்த வரியை எளிதில் மீட்க முடியாது. சேவைகளைப் பொறுத்தவரை இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்: பெயர் புரியாத சேவையைத் தொடாதீர்கள். வெளி நிறுவனத்துச் சேவை ஒன்று தேவைதான், ஆனால் முதல் நொடியிலேயே தேவையில்லை என்றால், அதைத் தாமதமாகத் தொடங்கும் தானியங்கு வகைக்கு மாற்றலாம். மற்றத் தானியங்குச் சேவைகள் தொடங்கி முடிந்து ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்து அது தன் வேலையைத் தொடங்கும். அதற்குள் நாம் நம் வேலையைத் தொடங்கியிருப்போம்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சுற்று இல்லை. 2022இல் வந்த வென்ச்சுரா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் லாகின் ஐட்டம்ஸ் என்ற ஒரே இடத்தில், தாமாகத் திறப்பவையும் பின்னணியில் இயங்க அனுமதி பெற்றவையும் சேர்ந்தே இருக்கின்றன.

மூன்று வாரத்தில் 23 ஆறாகக் குறைந்தது. கணினி திறக்க எடுத்த நேரம் மூன்று நிமிடம் பதினைந்து நொடி. எல்லாவற்றையும் கோபத்தில் முடக்கியபோது கிடைத்ததைவிட இது 25 நொடி கூடுதல். அந்த 25 நொடியில்தான் என் தமிழ் விசைப்பலகையும் படியெடுத்தலும் அடங்கியிருக்கின்றன. ஒன்பது நிமிடம் நாற்பது நொடியோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் மிச்சம். ஆண்டில் 300 நாள் வேலை செய்கிறேன் என்று வைத்துக்கொண்டால் 1800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். பதினொரு பக்கங்களை மறுபடி எழுதுவதற்கு எனக்கு ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

மீதமிருந்த மூன்று நிமிடத்துக்குத் தொடக்கப் பட்டியல் பொறுப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாஸ்க் மேனேஜரின் தொடக்கப் பகுதியில், விண்டோஸ் வருவதற்கு முன் பயாஸ், அதாவது பொத்தானை அழுத்தியதும் வன்பொருளைத் தயார்செய்யும் அடிப்படை மென்பொருள், எடுத்துக்கொண்ட நேரமும் காட்டப்படும். அந்த எண் பெரிதாக இருந்தால் மென்பொருள்களை முடக்கி அதைக் குறைக்க முடியாது. என் கணினியில் அது சிறிய எண்ணாகவே இருந்தது. தாமதம் வன்தட்டில் இருந்தது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு அது; ஒரு சுற்றுக்கே 11 மில்லி நொடி ஆகிறது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடிப் படிக்கும்போது அதன் முனை இங்குமங்கும் நகர்ந்து, நொடிக்கு நூறு முறைகூடப் படிக்க முடிவதில்லை. 23 மென்பொருள்கள் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை முனையைத் தத்தம் பக்கம் இழுத்ததால்தான், வட்டின் பயன்பாடு நூறு விழுக்காட்டில் நின்று, என் சொடுக்குகள் வரிசையில் காத்துக் கிடந்தன. நகரும் உறுப்பு எதுவும் இல்லாத எஸ்எஸ்டி வட்டு நொடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். கையில் பணம் சேர்ந்தபோது வட்டை மாற்றினேன். இப்போது நாற்பது நொடியில் திறந்துவிடுகிறது. சந்தாவுக்கும் கூலிக்கும் கொடுத்த தொகையில் அந்த வட்டை முதலிலேயே வாங்கியிருக்கலாம். ஆயினும் பட்டியலைச் சுருக்காமல் வட்டை மட்டும் மாற்றியிருந்தால் அந்தப் 17 மென்பொருள்களும் நினைவகத்தையும் இணையத்தையும் நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டேதான் இருந்திருக்கும். எனவே செலவில்லாத வேலையை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகும் எஞ்சும் தாமதத்துக்கு மட்டும் பணம் செலவழியுங்கள்; வட்டை மாற்றுவதற்கு முன் கோப்புகளின் முழுப் படி ஒன்று வெளியே இருப்பதை உங்கள் கண்ணால் திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் மேசையின்மேல் இருக்கிறது. மாதத்தின் முதல் நாள் பட்டியலைத் திறந்து, ஆறு பெயர்களும் இருக்கின்றனவா, ஏழாவதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு இணையச் சேமிப்பைத் திறந்து, முந்தைய நாளின் கோப்பு அங்கே இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்க்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். இந்த மாதம் அச்சுப்பொறியின் உதவியாளர் ஒரு புதுப்பிப்போடு திரும்ப வந்திருந்தது. முடக்கிவிட்டுத் தேதியோடு எழுதிவைத்திருக்கிறேன்.